ஃப்ளாஷ் அடித்தால் முகம் எங்கே போகிறது?

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் பின்பக்கம், வாரியக் குடியிருப்பு ஒன்றின் இரண்டாம் மாடியில், டி.வி.க்கு மேலே ஒரு தாத்தா படம் மாட்டியிருக்கிறது. சந்தன மாலை போட்டிருக்கிறார்கள். சுற்றிலும் சீரியல் பல்பு வேறு மினுக்குகிறது. எல்லாம் சரி, படத்தில் தாத்தா மட்டும் இல்லை. சட்டை இருக்கிறது, தோளில் துண்டு இருக்கிறது, துண்டின் கட்டம்கூடத் துல்லியமாகத் தெரிகிறது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஒரு வெள்ளை. அதில் இரண்டு புருவமும் ஒரு மீசையும். அந்தப் புருவம்கூட தாத்தாவுடையது இல்லை, ஸ்டுடியோக்காரர் கம்ப்யூட்டரில் வரைந்தது.

எடுத்தது பேரன். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. பழைய டிஜிட்டல் கேமராக்கள் மறுபடி ஃபேஷனாகியிருக்கின்றன அல்லவா, அந்த ஜோரில் பர்மா பஜாரில் செகண்ட் ஹேண்டாக ஒரு கேனான் பவர்ஷாட் வாங்கினான். பொங்கலன்று சாயங்காலம் இருட்டின பிறகு தாத்தாவைக் கூட்டிக்கொண்டு போய் கடலோரம் கொட்டியிருக்கும் கருங்கல் மேல் உட்கார வைத்து, ரெண்டடி தூரத்தில் நின்று, ஒரே ஒரு படம். கேமராவின் குட்டித் திரையில் பார்த்தான், பளிச்சென்று இருந்தது. சந்தோஷமாகிவிட்டான். (இருட்டில் அந்தத் திரையில் எந்தப் படமும் பளிச்சென்றுதான் தெரியும். கண் இருட்டுக்குப் பழகியிருக்கும், திரையோ வெளிச்சமாக இருக்கும். டிஜிட்டல் கேமராவின் முதல் ஏமாற்று வேலை இது.)

இரண்டு மாதத்தில் தாத்தா போய்விட்டார். காரியத்துக்கு முன்னால் படம் வேண்டும் என்று தேடியபோதுதான் வீட்டில் உள்ள நிலவரம் தெரிந்தது. கல்யாண ஆல்பத்தில் கூட்டத்தோடு கூட்டமாக ஒரு முகம், சுண்டுவிரல் நகம் அளவுக்கு. ஆதார் அட்டைப் படம்... அதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, அவரவர் ஆதாரை எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். மிச்சம் இருந்தது கருங்கல் மேல் எடுத்த அந்த ஒரே படம்.

ஸ்டுடியோக்காரர் நல்ல மனுஷர். பெரிதாக்கிப் பார்த்துவிட்டு உள்ளதைச் சொல்லிவிட்டார். "தம்பி, இருட்டா இருந்தா தூக்கிக் குடுத்துடலாம். வெள்ளையாப் போன எடத்துல ஒண்ணுமே இல்ல. இல்லாதத எங்கேந்து எடுக்கறது?"

அவர் சொன்னது டிஜிட்டல் படத்தின் அடிப்படை உண்மை. சாதாரண ஜேபெக் படத்தில் ஒவ்வொரு புள்ளியும் 0 முதல் 255 வரை ஓர் எண். 0 கறுப்பு, 255 வெள்ளை. இருட்டில் விழுந்த முகத்தில் 12, 15, 19 என்று ஏதோ வித்தியாசம் மிச்சமிருக்கும். அதைப் பெருக்கிக் காட்டினால், புள்ளி புள்ளியாக இருந்தாலும் ஒரு முகம் கிடைக்கும். வெளிச்சம் மிஞ்சிப்போன முகத்தில் நெற்றி 255, கன்னம் 255, மூக்கும் 255. எல்லாம் ஒரே எண் என்றால் நெற்றிக்கும் மூக்குக்கும் நடுவில் கோடு எங்கே போடுவது? இப்போது ஏ.ஐ.யிடம் கொடுத்தால் அழகான முகம் ஒன்றைப் போட்டுக் கொடுக்கும்தான். யாரோ ஒரு தாத்தா முகம்.

படத்தைக் கொண்டுவந்து மாட்டியதும் ஆயா கிட்டே போய்ப் பார்த்தார். கையால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தரம் பார்த்தார்.

"இன்னாடா இது, மூஞ்சே தெர்ல. இது எங்க ஊட்டுக்காரரு இல்லடா."

அவ்வளவுதான் சொன்னார். அதற்குப் பிறகு அந்தப் பையன் ஃப்ளாஷைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தான். வெறி பிடித்த மாதிரி என்றுகூடச் சொல்லலாம்.

சரி, தப்பு எங்கே நடந்தது? கேமரா முட்டாள் இல்லை, ஆனால் ரொம்ப வெகுளி. ஷட்டரை அழுத்தியதும் ஃப்ளாஷ் முதலில் லேசாக ஒரு மின்னல் அடித்துப் பார்க்கிறது. எவ்வளவு வெளிச்சம் திரும்பி வருகிறது என்று பார்த்துத்தான் நிஜ ஃப்ளாஷின் அளவைத் தீர்மானிக்கிறது. தாத்தாவுக்குப் பின்னால் இருந்ததோ வங்காள விரிகுடா, அதுவும் ராத்திரியில். அங்கே போன வெளிச்சம் எதில் பட்டுத் திரும்பும்? 'படத்தில் முக்கால்வாசி இருட்டாக இருக்கிறதே, பாவம்' என்று கேமரா இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டி அடித்துவிட்டது. கடல் வெளிச்சமாகவில்லை. நடுவில் இருந்த தாத்தாதான் வெந்துபோனார்.

இதற்கு மருந்து பல கேமராக்களின் மெனுவிலேயே இருக்கிறது. ஃப்ளாஷ் எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் என்று நீளமான பெயர் வைத்துப் பயமுறுத்தியிருப்பார்கள், மின்னல் படம் போட்டு பக்கத்தில் கூட்டல் கழித்தல் குறி இருக்கும். பின்னால் இருட்டு என்றால் கழித்தல் ஒன்று. ஃப்ளாஷ் வெளிச்சம் பாதியாகிவிடும். எதிரே நிற்பவர் வெள்ளை வேட்டி வெள்ளைச் சட்டை, பின்னால் வெள்ளைச் சுவர் என்றால் இதற்கு நேர்மாறு நடக்கும். வெள்ளையைப் பார்த்துப் பயந்து கேமரா ஃப்ளாஷைச் சுருக்கிவிடும், மாநிற முகம் கறுத்துப்போகும். நம் ஊர்க் கல்யாணப் படங்களில் மாப்பிள்ளை வேட்டி ஜொலிக்க மாப்பிள்ளை மட்டும் இருட்டில் நிற்பது இதனால்தான். அங்கே கூட்டல் ஒன்று.

அடுத்தது தூரக் கணக்கு. வெளிச்சம் தூரத்தின் வர்க்கத்தில் குறையும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். பரீட்சையில் எழுதிவிட்டு மறந்தும் இருப்போம். ஒரு மீட்டரில் கிடைக்கும் வெளிச்சம் இரண்டு மீட்டரில் கால்வாசி, மூன்று மீட்டரில் ஒன்பதில் ஒரு பங்கு. ரெண்டடியில் நின்று அடித்தால் மூக்குக்கும் காதுக்கும் நடுவில் உள்ள நாலைந்து அங்குலம்கூடக் கணக்கில் வரும். மூக்கு வெளுத்து, காது மங்கி, முகம் முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும். இரண்டு மீட்டர் தள்ளி நின்று கொஞ்சம் ஜூம் செய்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

ரொம்பவும் தள்ளிப் போகக்கூடாது, அதற்கும் ஒரு எல்லை உண்டு. ஃப்ளாஷின் பலத்தைச் சொல்ல கைடு நம்பர் என்று ஒரு எண் வைத்திருக்கிறார்கள். அந்த எண் 12 என்று வைத்துக்கொள்வோம். லென்ஸ் துவாரம் எஃப் 4 என்றால் 12ஐ 4ஆல் வகுத்து 3 மீட்டர், ஐ.எஸ்.ஓ. 100இல் அவ்வளவுதான் எட்டும். ஐ.எஸ்.ஓ.வை 400 ஆக்கினால் தூரம் இரண்டு மடங்காகி 6 மீட்டர். (நாலு மடங்கு ஆகாதா என்று கேட்பவர்கள் மேலே உள்ள வர்க்கக் கணக்கை மறுபடி படிக்கவும்.) ராயபுரம் ரயில் நிலையத்துக்கு வருகிறவர்களைப் பார்த்தால் இந்தக் கணக்கு ஞாபகத்துக்கு வரும். 1856இல் திறந்தது, இந்தியாவில் இன்னும் நின்றுகொண்டிருக்கும் ரயில் நிலையக் கட்டடங்களில் மிகப் பழையது, அந்தத் தூண்களைப் படமெடுக்க ஆசை வருவது நியாயம்தான். ஆனால் சாயங்காலம் ரோட்டின் எதிர்ப்பக்கம் நின்றுகொண்டு ஃப்ளாஷ் அடித்தால் அந்த வெளிச்சம் நடுரோட்டில் போகும் ஆட்டோவோடு நின்றுவிடும். கட்டடத்துக்கு ஒரு சொட்டும் போய்ச் சேராது.

கட்டடமும் வேண்டும், முன்னால் நிற்கும் ஆளும் வேண்டும் என்றால் அதற்குத் தனி வழி இருக்கிறது. கேமராவின் சக்கரத்தில் ஒரு ஆள் உருவமும் பக்கத்தில் நட்சத்திரமோ நிலாவோ போட்ட ஒரு குறி இருக்கும். எல்லோரும் தாண்டிப் போகும் குறி அது. அதில் வைத்தால் ஷட்டர் எட்டில் ஒரு வினாடி, நாலில் ஒரு வினாடி என்று மெதுவாகத் திறந்து மூடும். ஃப்ளாஷ் அடிப்பதோ ஆயிரத்தில் ஒரு வினாடி அளவுக்குத்தான். ஆக முகத்தை ஃப்ளாஷ் உறைய வைக்கும், பின்னால் உள்ள மங்கலான வெளிச்சத்தை மெதுவான ஷட்டர் நிதானமாக வாங்கிக்கொள்ளும். கையில் பிடித்தால் ஆடும், கல்லின் மேலோ சுவரின் மேலோ வைத்து அழுத்த வேண்டும். ஃப்ளாஷ் அடித்ததும் 'முடிஞ்சுது' என்று எழுந்து ஓடாதீர்கள் என்று எதிரில் இருப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது முக்கியம்.

பொங்கலன்று தாத்தாவுக்குப் பின்னால் கடலில் நாலைந்து கப்பல்கள் நங்கூரம் போட்டு, விளக்கெரிய நின்றிருந்தன. அந்தக் குறியில் வைத்து, கழித்தல் ஒன்று போட்டு, இரண்டு மீட்டர் தள்ளி எடுத்திருந்தால் கப்பல் விளக்குகளும் வந்திருக்கும், தாத்தாவும் வந்திருப்பார். பையனுக்கு இது புரிந்த அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

பிறகு சோதனைகள். முதலில் ஃப்ளாஷ் மேல் டிஷ்யூ பேப்பர் ஒட்டிப் பார்த்தான். இணையத்தில் பாதிப் பேர் சொல்லும் வைத்தியம் இது, பாதிதான் உண்மை. பேப்பர் வெளிச்சத்தைக் குறைக்கும், அதனால் கிட்டத்தில் எடுக்கும்போது முகம் வெளுப்பது குறையும். ஆனால் நிழல் மிருதுவாவது வெளிச்சம் வரும் இடத்தின் அளவைப் பொறுத்தது. புளியங்கொட்டை அளவு விளக்கின் மேல் பேப்பர் ஒட்டினாலும் அது புளியங்கொட்டை அளவு விளக்குதான். மேகம் மூடிய பகலில் முகங்கள் அழகாக இருப்பதற்குக் காரணம் வானம் முழுக்க விளக்காகிவிடுவது. ஆகவே வேண்டியது பெரிய விளக்கு, அதாவது ஃப்ளாஷை வேறெதிலாவது அடித்து அங்கிருந்து திருப்பிவிடுவது.

வகுப்பில் ஒருவனிடம் தலையைத் திருப்பக்கூடிய ஃப்ளாஷோடு ஒரு டி.எஸ்.எல்.ஆர். இருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு இரவல் வாங்கி வந்து ஆயாவை உட்கார வைத்துச் சுவரில் அடித்தான். வீட்டுச் சுவரெல்லாம் கிளிப்பச்சை டிஸ்டம்பர். சுவரில் பட்டுத் திரும்பிய வெளிச்சமும் கிளிப்பச்சை. ஆயா தெருக்கூத்தில் பச்சை முகம் பூசிய ராஜா மாதிரி வந்திருந்தார். வெளிநாட்டுப் புத்தகங்களில் 'சுவரில் அடியுங்கள்' என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள், அவர்கள் வீட்டுச் சுவர் வெள்ளை! நம்மிடம் ரோஸ், ஊதா, கிளிப்பச்சை. குடிசைகளில் மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், அது சாம்பல் நிறம், வெளிச்சத்தை விழுங்கிவிடும். இந்த வீட்டில் கூரை மட்டும் சுண்ணாம்பு வெள்ளை. அங்கே அடித்தால் நிறம் சரியாக வந்தது, ஆனால் வெளிச்சம் நேர் மேலிருந்து விழுந்ததில் கண் இரண்டும் குழிக்குள் போய்விட்டன.

விடை கீழே இறங்கினால் தெருவிலேயே கிடந்தது. மீன் ஐஸ் வைத்து அனுப்பும் தெர்மோகோல் பெட்டியின் மூடி. வெள்ளை, பெரிசு, காசு இல்லை. ஸ்டுடியோக்களில் விலை கொடுத்து வாங்கும் ரிஃப்ளெக்டர் செய்கிற வேலையை இது அப்படியே செய்யும். பக்கவாட்டில் ஒருவர் மூடியைப் பிடித்துக்கொள்ள, ஃப்ளாஷ் தலையை அந்தப் பக்கம் திருப்பி அடித்தால் ஜன்னல் வெளிச்சம் மாதிரி வருகிறது. சுற்றி வருவதால் வெளிச்சம் குறையும், ஐ.எஸ்.ஓ.வை 400க்கு ஏற்றிக்கொள்ள வேண்டும். ஒரே குறை, மூடியை நன்றாகக் கழுவ வேண்டும். கழுவினாலும் மத்தி வாசனை போகாது.

இதற்கு நடுவில் ஒரு நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு மேல் துறைமுகத்தில் ஏலம் நடக்கும் இடத்துக்குப் போனான். விடுமுறை நாட்களில் கேமராவோடு அங்கே வருகிறவர்கள் நிறைய. (விசைப்படகு பார்க்க வருகிறவர்கள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை வந்து ஏமாற வேண்டாம், 61 நாள் தடைக்காலம்.) ஃபோகஸ் லைட் வெளிச்சத்தில் வஞ்சிரமும் சங்கராவும் குவிந்து கிடந்தன. ஃப்ளாஷோடு நேரே அடித்தால் மீன் கண்ணாடி மாதிரி திருப்பி அடிக்கிறது, செதில் முழுக்க வெள்ளைத் திட்டு. கொஞ்சம் பக்கவாட்டில் நகர்ந்தால் அந்தத் திட்டு வேறு பக்கம் போய்விடுகிறது. மூக்குக் கண்ணாடி போட்டவரை எடுப்பதற்கும் இதே வைத்தியம்தான்.

மீனை எடுத்தவன் ஏலம் கேட்டுக்கொண்டிருந்த ஓர் அக்காவின் முகத்துக்கு நேராகவும் அடித்துவிட்டான். அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்ற அந்த ரெண்டு வினாடியில் கூடை வேறொருவருக்குப் போய்விட்டது.

"ஏம்பா, லைட்ட அட்ச்சினுகீறியே, என் கூடைக்கு நீ துட்டு குடுப்பியா?"

அவர் கேட்டதில் என்ன தப்பு? 1880களின் கடைசியில் ஜேக்கப் ரீஸ் என்ற பத்திரிகையாளர், அப்போது புதிதாக வந்திருந்த மெக்னீசியம் ஃப்ளாஷ் பொடியை எடுத்துக்கொண்டு நியூயார்க் சேரிகளுக்குள் ராத்திரியில் போனார். தூங்கிக்கொண்டிருந்தவர்கள் முகத்தில் வெடித்துப் படமெடுத்தார். ஒரு தடவை ஒரு வீட்டில் தீயே பற்றிக்கொண்டது. அந்தப் படங்கள் 1890இல் புத்தகமாகி நகரத்தை உலுக்கின, நல்லதும் நடந்தது. ஆனால் படத்தில் இருப்பவர்களின் அந்தத் திகைத்த கண்கள், வறுமையால் மட்டும் திகைத்தவை இல்லை. பாதி ஃப்ளாஷால் வந்தது. வடசென்னை என்றாலே அழுக்கு, சண்டை, முறைத்த முகம் என்று காட்டும் படங்களைப் பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்ளலாம். அர்த்தராத்திரியில் கேட்காமல் மூஞ்சிக்கு நேரே மின்னல் அடித்தால் மயிலாப்பூர் மாமாவும் முறைக்கத்தான் செய்வார்.

பையன் மன்னிப்புக் கேட்டான். அடுத்த வாரம் அந்த அக்காவை, அவர் ஒத்துக்கொண்ட பிறகு, விடிந்ததும் எடுத்து மேக்ஸி சைஸில் பிரிண்ட் போட்டுக் கொடுத்தான். விடிந்த பிறகு எதற்கு ஃப்ளாஷ் என்று கேட்கலாம். நம் பக்கம் சூரியன் கடலுக்குள்ளிருந்து கிளம்புகிறது. படகுப் பக்கம் பார்த்து எடுத்தால் எல்லோருக்கும் பின்னால் சூரியன், முகமெல்லாம் நிழல். அங்கே லேசாக, கழித்தல் ஒன்று வைத்து, ஃப்ளாஷை வலுக்கட்டாயமாகப் போட வேண்டும். ஆட்டோவில் விட்டால் 'வெளிச்சம்தான் இருக்கே' என்று அது சும்மா இருந்துவிடும். ராத்திரியைவிடப் பகலில்தான் ஃப்ளாஷுக்கு உண்மையான வேலை என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை.

எண்ணூர் பக்கம் எடுத்த படங்களில் ஆவி வந்தது தனிக்கதை. முகத்துவாரத்தில் நண்பர்களை ராத்திரி ஃப்ளாஷ் போட்டு எடுத்ததில் சுற்றிலும் வெள்ளை வெள்ளையாக வட்டங்கள். ஒருவன் நிஜமாகவே பயந்துவிட்டான். கேமரா சின்னது, ஃப்ளாஷும் லென்ஸும் ஒட்டி ஒட்டி இருக்கின்றன. லென்ஸுக்கு அரையடி முன்னால் மிதக்கும் தூசியும் உப்புத் துளியும் ஃப்ளாஷை வாங்கி நேரே லென்ஸுக்குள் திருப்புகின்றன, ஃபோகஸ் இல்லாததால் வட்டமாகத் தெரிகின்றன. எண்ணூர் அனல்மின் நிலையம் 2017 மார்ச்சோடு மூடிவிட்டது. ஆனாலும் வடசென்னை அனல்மின் நிலையம் ஓடுகிறது, நிலக்கரியும் சாம்பலும் கண்டெய்னர் லாரிப் புழுதியும் இருக்கவே இருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாமல் மூச்சில் போவதை ஃப்ளாஷ் வட்டம் போட்டுக் காட்டிவிடுகிறது. ஆவியைவிட அதுதான் பயப்பட வேண்டிய சமாச்சாரம்.

ஆயாவை எடுக்கும் வேலை மட்டும் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. அவருக்கு ஒரு கண்ணில் புரை ஆபரேஷன் நடந்திருந்தது, ஃப்ளாஷ் அடித்தால் கண்ணை இறுக்க மூடிக்கொள்வார். சிவப்புக் கண் வராமல் இருக்க முன்கூட்டியே விளக்கடிக்கும் வசதியைப் போட்டால் இன்னும் மோசம். முதல் வெளிச்சத்தைப் பார்த்ததும் படம் எடுத்தாச்சு என்று எழுந்துவிடுவார், நிஜ ஃப்ளாஷ் அடிக்கும்போது புடவை முந்தானைதான் படத்தில் இருக்கும். அதைவிட, கேமராவை எடுத்தாலே பேரன் எதற்கு எடுக்கிறான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பேரனுக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைப் பேசவில்லை.

கடைசியில் ஒரு காலை, அவர் வாசற்படியில் உட்கார்ந்து நெத்திலி கிள்ளிக்கொண்டிருந்தபோது, தம்பியிடம் தெர்மோகோல் மூடியைக் கொடுத்து அவருக்கு இடப்பக்கம் நிற்க வைத்தான். மாடிப்படி ஜன்னலிலிருந்து வெயில் பின்னந்தலையில் விழுந்துகொண்டிருந்தது. இரவல் ஃப்ளாஷின் தலையை மூடிப் பக்கம் திருப்பினான், கழித்தல் ஒன்று, இரண்டு மீட்டர். வெளிச்சம் பக்கத்திலிருந்து வந்ததால் ஆயா கண்ணை மூடவில்லை. "மீன் மூடிய ஏன்டா தூக்கினு நிக்கிறான் அவன்" என்று கேட்டுக்கொண்டே நிமிர்ந்தார். அப்போது எடுத்தான். வெளுத்துப்போன இடம் கண்ணடிக்கும் எச்சரிக்கையைப் போட்டுப் பார்த்தான். மூக்குத்தி மட்டும் கண்ணடித்தது. நெற்றிச் சுருக்கம் ஒவ்வொன்றும் இருந்தது.

திரையைக் கிட்டே கொண்டுபோய்க் காட்டினான். ஆயா மீன் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"நான் தான்டா," என்றார். பிறகு, "இரு, அந்த மாம்பழக் கலர் பொடவ கட்டினு வர்றேன். நெத்திலியோடவா மாட்டப் போற?"

உள்ளே போனார். தம்பி மூடியைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றிருந்தான்.